கோத்தகிரியில் வீடு கட்டினால் வேலையை யாரை வைத்துப் பார்ப்பது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சொந்த மனையில் வீடு கட்டுகிறவர்களில் நிறையப் பேர் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. வேலை கோயம்புத்தூரிலோ பெங்களூருவிலோ இருக்கும். மனை மட்டும் மலையில். சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டரிடம் பேசி முடித்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் கேள்வி வருகிறது: அங்கே நடக்கிற வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது?

கான்ட்ராக்டரை நம்பி விட்டுவிடலாம். ஊரில் இருக்கும் அப்பாவையோ மாமாவையோ தினமும் போய் நிற்கச் சொல்லலாம். ஆர்க்கிடெக்டிடம் ஒப்படைக்கலாம். மாதச் சம்பளத்துக்கு ஒரு சூப்பர்வைசரைப் போடலாம். வெளி இன்ஜினீயர் ஒருவரை முக்கியமான கட்டங்களில் மட்டும் வரவழைக்கலாம். எல்லாம் முடிந்து சாவி வாங்கும்போது, கருவிகளோடு வந்து சோதித்து ரிப்போர்ட் தரும் நிறுவனத்தைக் கூப்பிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சதுர அடியில் கட்டுகிற சாதாரண வீட்டுக்கு, கான்ட்ராக்டரோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத ஒரு இன்ஜினீயரைக் கட்டத்துக்கு ஒரு தடவை வரவழைப்பதுதான் சரி. அவர் எத்தனை தடவை வருகிறார் என்பதை விட எந்தெந்த நாளில் வருகிறார் என்பது முக்கியம். மண்ணாலும் கான்கிரீட்டாலும் பூச்சாலும் நாளைக்கு மூடப்போவதை இன்றைக்கே ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஏற்கெனவே யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதை முதலில் கழித்துவிடலாம். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அனுப்புகிற இன்ஜினீயர் வருவார். பேஸ்மென்ட் முடிந்ததா, ரூஃப் போட்டாயிற்றா, அடுத்த தவணையை விடலாமா என்பதுதான் அவர் பார்க்கிற விஷயம். ரூஃபுக்குள் கம்பி என்ன இடைவெளியில் கிடக்கிறது என்பது அவர் ரிப்போர்ட்டில் வராது. நகராட்சி, பஞ்சாயத்து ஆட்கள் பார்ப்பது பிளானில் இருக்கிறபடி கட்டடம் நிற்கிறதா, பக்கத்தில் விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா என்பதை. மலைப்பகுதி மனை என்று கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை எனத் தடையில்லாச் சான்றுக்கு நீங்கள் அலைந்திருக்கலாம். அவர்கள் பார்த்ததும் இடத்தைத்தான், அதன் மேல் எழும்புகிற சுவரை அல்ல. பிளானில் கையெழுத்துப் போட்ட இன்ஜினீயர் இருக்கிறாரே என்றால், பல இடங்களில் அவர் கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள். "எங்க இன்ஜினீயரே பாத்துக்குவாரு சார்" என்ற வாக்கியத்தை மலையில் வீடு கட்டிய எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் குறை சொன்னால் அவருடைய அடுத்த வேலை போய்விடும்.

வீட்டுப் பெரியவர் போய் நிற்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தினமும் பார்க்கிற கண்ணால் மட்டும் முடிகிற வேலைகள் சில உண்டு. முதல் வேலை, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) வகை சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 456. ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) என்றால் 7 நாள். "பனிதான் கொட்டுதே, தண்ணி எதுக்கு" என்பது மலை மேஸ்திரிகளின் நிரந்தர வாதம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகல் வெயிலும் காய்ந்த காற்றும் எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரிப் பனி அதற்கு ஈடாகாது. இரண்டாவது வேலை சிமென்ட் மூட்டை. மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூடுபனி புகுந்து வெளியேறுகிற தகரக் கொட்டகையில், தரையிலேயே அடுக்கி வைத்த மூட்டை ஒரு மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடும். மூட்டைக்குக் கீழே பலகை இருக்கிறதா, சுவரை ஒட்டாமல் இருக்கிறதா, உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க இன்ஜினீயர் தேவையில்லை. அப்பா போதும். கம்பி, மண், தாங்கு சுவர் என்று வரும்போது அப்பா மட்டும் போதாது. அங்கே அவர் பெரும்பாலும் மேஸ்திரியோடு சண்டை பிடித்துவிட்டு வருவார். சண்டையில் நியாயம் இருந்தாலும் கம்பி மாறியிருக்காது.

ஆர்க்கிடெக்டை அமர்த்தியிருந்தால் அவருடைய ஒப்பந்தத்தை எடுத்து, சைட்டுக்கு எத்தனை தடவை வருவார், கூட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரும் வருவாரா என்று பாருங்கள். பலருடைய வருகை ஜன்னல் அளவும் கல் டிசைனும் சரியாக இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும். வடிவமைத்தவரும் கட்டுகிறவரும் ஒரே அலுவலகம் என்றால், முன்னே சொன்ன இன்ஜினீயர் கதைதான் இதுவும்.

முழுநேர சூப்பர்வைசர் விஷயத்தில் ஒப்பந்த வகையைப் பொறுத்து என் பதில் மாறும். லேபர் கான்ட்ராக்ட் பேசி, சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் உங்கள் காசில் நீங்களே இறக்குகிறீர்கள் என்றால் தினமும் கணக்குப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருகிற ஒவ்வொரு லோடுக்கும் வண்டி வாடகையே கணிசமாக ஆகிறது. மணல் எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெரிய வீடாகக் கட்டுகிறவருக்கும் இது பொருந்தும். ஆனால் மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடி ரேட் பேசியவருக்கு இது வீண் செலவு. மழைக்காலத்தில் வேலை நின்றாலும் சம்பளம் ஓடும். அதோடு, அந்தச் சம்பளத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் படிப்பு முடித்த கையோடு வருகிற இளைஞராக இருப்பார். இருபது வருஷம் ரூஃப் போட்ட மேஸ்திரி "தம்பி, இதெல்லாம் புஸ்தகத்துல" என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வார். மத்தியானச் சாப்பாடும் அவர்களோடுதான். ஒரே மாதத்தில் அவர் அந்த அணியில் ஒருவராகிவிடுவார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

அடுத்தது, கடைசியில் வந்து பார்க்கும் நிறுவனங்கள். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு ஃபிளாட்டுகளை வைத்து வளர்ந்த தொழில் இது. தெர்மல் கேமரா, ஈரமானி, லேசர் மட்டம் எல்லாம் கொண்டுவருவார்கள். நூற்றுக்கணக்கான படங்களோடு ரிப்போர்ட் வரும். பார்க்க நன்றாக இருக்கும். பாத்ரூம் தண்ணீர் வாட்டம் சரியாகப் போகிறதா, டைல்ஸ் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கிறதா, எர்த்திங் வேலை செய்கிறதா, மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் லைன் துண்டிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கு இது நல்ல வழிதான். எர்த்திங் மலையில் சின்ன விஷயமும் இல்லை. பாறை மேல் ஒரு அடி மண் இருக்கிற இடத்தில் எர்த் குழி போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று கணக்குக் காட்டுவதுண்டு.

ஆனால் கடைசிப் பரிசோதனைக்கு மூடின வேலை தெரியாது. கான்கிரீட்டின் மேல் ரீபவுண்ட் ஹேமர் வைத்துத் தட்டி பலம் சொல்வார்கள். அந்தச் சோதனைக்கான இந்தியத் தர ஆவணமே, அதில் கணிக்கும் பலம் 25 சதவீதம் வரை கூடலாம் குறையலாம் என்று சொல்கிறது. ஈரமானியைப் பிப்ரவரியில் கொண்டுவந்தால் கோத்தகிரியில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். அதே சுவரை நவம்பர் கடைசியில் தொட்டுப் பாருங்கள், கருவியே வேண்டாம். கட்டி முடித்த வீட்டையோ வில்லாவையோ வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை, இதைத்தான் செய்ய வேண்டும். அப்போதும் வடகிழக்குப் பருவமழை முடிகிற தறுவாயில் பரிசோதனையை வைத்துக்கொண்டால் வீடே பேசும். நீங்களே கட்டுகிறீர்கள் என்றால், கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்காதீர்கள்.

அமெரிக்காவில் புது வீடு கட்டும்போது தனியார் பரிசோதகரை மூன்று தடவை வரவழைக்கும் வழக்கம் இருக்கிறது: அஸ்திவாரக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், சுவர்ப்பலகை அடித்து மூடுவதற்கு முன், சாவி வாங்குவதற்கு முன். அவர்கள் வீட்டின் எலும்பு மரச் சட்டம். வயரும் குழாயும் அதற்குள் ஓடுகின்றன, பலகை அடித்தால் மறைந்துவிடும். நம் வீட்டில் மறைவது கான்கிரீட்டுக்குள்ளேயும் மண்ணுக்குள்ளேயும். அதனால் அவர்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூடுவதற்கு முன் பார் என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நாளில் வரவேண்டும்

முதல் நாள், குழி எடுத்து முடித்த நாள். மலையில் மனை என்றாலே ஒரு பகுதி வெட்டின மண், ஒரு பகுதி கொட்டின மண். மேல் பக்கச் சரிவை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளி, சமமாக்கி மனை என்று காட்டுகிறார்கள். வெட்டின பக்கம் கெட்டியாக இருக்கும். தள்ளின பக்கம் வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் போடும் அஸ்திவாரம்) எடுத்தால் வீட்டின் ஒரு பக்கம் நிற்கும், மறு பக்கம் இறங்கும். முதலில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். பெயின்டர் பட்டி வைத்து அடைப்பார், அடுத்த மழைக்கு மறுபடி திறக்கும். அதனால் வருகிற இன்ஜினீயர் ஒவ்வொரு குழியிலும் இறங்கி, அடியில் இருப்பது அசல் மண்தானா என்று பார்க்க வேண்டும். கொட்டின மண் என்றால் பழைய வேர், செங்கல் துண்டு, பிளாஸ்டிக் கவர், ஒன்றோடொன்று சேராத நிறங்கள் தெரியும். கம்பியை ஊன்றினால் இறங்கும். இதற்கு அரை நாள் கூட ஆகாது. ஃபுட்டிங் கான்கிரீட் விழுந்துவிட்டால் எந்தக் கேமராவாலும் இதைப் பார்க்க முடியாது.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். காலங்காலமாக மழையில் சிதைந்து அதன் மேல் பல மீட்டர் செம்மண்ணாகிக் கிடக்கிறது. செம்மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே சில இடங்களில் களிமண் போன்ற ஓர் அடுக்கு இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அந்த அடுக்கில் தேங்கினால் மேல் மண் வழுக்கிக்கொண்டு வரும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பரிலும் பெரிய மண்சரிவுகள் வந்தன. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இந்தப் பக்கத்துக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. உங்கள் மனை எந்த மழைக்கு உட்பட்டதோ அந்த மழைக்கு முன்னால் மண் வேலையும் தாங்கு சுவரும் முடியும்படி அட்டவணை போட்டிருக்கிறதா என்று சொல்வதும் பரிசோதகரின் வேலைதான். கான்ட்ராக்டரின் அட்டவணையில் இது இருக்காது. அவருக்கு இன்னும் இரண்டு சைட் ஓடுகிறது.

அடுத்துக் குறிக்க வேண்டிய நாள்தான் என் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியமானது: தாங்கு சுவருக்குப் பின்னால் மண் தள்ளுவதற்கு முன். மலையில் வீட்டை விட அதைத் தாங்குகிற சுவர்தான் முதலில் விழுகிறது. பெரும்பாலும் விழ வைப்பது மண்ணின் எடை மட்டும் இல்லை, பின்னால் தேங்கி வெளியேற வழி தெரியாத தண்ணீர். சுவரில் வரிசையாக வீப் ஹோல், அதாவது தண்ணீர் வெளியேறும் குழாய் வைக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஜல்லியோ உடைகல்லோ கட்டி, தண்ணீர் வடிந்து குழாய்க்கு வர வழி செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் மண். சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால் குழாய் வாய் அழகாக வரிசையாகத் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் சிலது சுவரின் பாதி ஆழத்தோடு நிற்கும், சிலது நேராகக் களிமண்ணில் முட்டிக்கொண்டிருக்கும், ஜல்லி இருக்காது. ஒரு லோடு ஜல்லியை மலை ஏற்றுகிற காசு மிச்சம். மண் தள்ளி முடித்தபின் இந்தச் சுவருக்கும் ஒழுங்காகக் கட்டின சுவருக்கும் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. கருங்கல் கட்டாக இருந்தால் கல்லுக்கு நடுவே கலவை நிறைந்திருக்கிறதா, இரு பக்கமும் கல்லை நிறுத்தி நடுவில் சில்லுக்கல்லைப் போட்டு நிரப்பிவிட்டார்களா என்பதையும் ஏறும்போதே பார்க்க வேண்டும். ஆறடிக்கு மேல் போகும் சுவர் என்றால் டிசைன் எங்கே என்று கேளுங்கள். "பக்கத்து வீட்டுக்கு இப்படித்தான் கட்டினோம்" என்பது டிசைன் இல்லை.

பில்லர், பெல்ட், ரூஃப் கம்பிகளுக்கு நாள் குறிக்கும்போது ஒரு விஷயம். கான்கிரீட் போடுகிற அன்று காலையில் இன்ஜினீயர் வந்து நின்றால் பிரயோஜனம் இல்லை. மிக்ஸர் வந்திருக்கும், ஆட்கள் வந்திருப்பார்கள், மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிடும் என்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அப்போது "இந்தப் பக்கம் ரிங் இடைவெளி அதிகம், அவிழ்த்துக் கட்டுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். முந்தின நாள் மத்தியானத்துக்குள் பார்த்துவிட வேண்டும். திருத்த நேரம் இருக்கும்.

அவர் பார்க்க வேண்டியது என்ன என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே விட வேண்டிய கவர், ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ., பில்லருக்கு 40. ஸ்லாபுக்குச் சமவெளியில் வழக்கமாக 20 மி.மீ. கவர் பிளாக் வைப்பார்கள். ஐஎஸ் 456 சூழலை வகை வகையாகப் பிரிக்கிறது. மழையும் ஈரப்படிவும் படும் கான்கிரீட்டை 'மிதமான பாதிப்பு' என்ற வகையில் வைத்து, அதற்குக் கவர் 30 மி.மீ., கான்கிரீட்டின் பலம் எம்25 தரம் என்று கேட்கிறது. வருஷத்தில் பாதி நாள் சுவரில் ஈரம் பூக்கிற குன்னூர் வீட்டின் மழைபடும் ரூஃபும் சன்ஷேடும் இந்த வகைதான். ஆனால் சைட்டில் ஓடுவது அதே 20 மி.மீ. பிளாக், சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற அதே கலவை. பத்து வருஷம் கழித்து சன்ஷேட் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற வீடுகளைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். இதை எஸ்டிமேட் போடும்போதே பேசி வைத்தால் செலவு கொஞ்சம்தான் கூடும்.

தண்ணீர் அளவு இன்னொன்று. எம்25-க்குத் தண்ணீர், சிமென்ட் எடையில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். மலையில் எம்-சாண்ட் திறந்தவெளியில் நனைந்தே கிடக்கும், அதில் இருக்கிற தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் சேரும். மிக்ஸர் பக்கத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றால் அளவு அவர் கையில் இருக்கிறது. அளவு பக்கெட் வைக்கச் சொல்வதுதான் இதற்கு மருந்து. கலவை நன்றாக இருக்கிறதா என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் 15 செ.மீ. க்யூப் ஊற்றி எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கலாம். நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. க்யூப் ஊற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னாலே மிக்ஸர் பக்கம் ஒழுங்கு வந்துவிடுகிறது என்பது இதன் மறைமுகப் பலன்.

கான்கிரீட் இறுகும் வரை ரூஃபைத் தாங்குகிற முட்டை எடுக்கிற நாளை யாரும் பரிசோதனையாக நினைப்பதில்லை. மலையில் நினைக்க வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்பது மேஸ்திரிகளுக்கு மனப்பாடம். இந்தக் கணக்கு ஐஎஸ் 456-இல் இருப்பதுதான். ஆனால் அது வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கு, ஓபிசி சிமென்ட்டுக்கு என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஊட்டியில் ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகாத நாள் அபூர்வம். டிசம்பர், ஜனவரியில் பள்ளங்களில் உறைபனியே விழுகிறது. சிமென்ட்டும் பிபிசி. இரண்டு நிபந்தனையும் அடிபட்டுப் போகிறது, நாள் கணக்கு மட்டும் மாறாமல் நிற்கிறது. குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் ஏறும். கற்பூர மரத் தடியும் சென்ட்ரிங் தகடும் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று கான்ட்ராக்டர் அவசரப்படுவார். குளிர்காலத்தில் ரூஃப் போட்டால் எத்தனை நாள் முட்டு நிற்க வேண்டும் என்று இன்ஜினீயரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூச்சுக்கு முன்னால் ஒரு தடவை வந்து தண்ணீர்க் குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், கரண்ட் பைப் ஓட்டத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபில் டைல்ஸுக்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி எங்கே வருகிறது என்பதை மூடும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மேல் சரிவில் உறிஞ்சு குழி தோண்டினால், வருஷம் முழுவதும் உங்கள் சரிவுக்கு நீங்களே தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். கீழ்ப்பக்கம் தோண்டினால் அடுத்த வீட்டுக்காரர் கிணறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சன்ஷேட் குழாயிலிருந்து அப்படியே சரிவில் கொட்டாமல் வாய்க்காலுக்குப் போகிறதா என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

உள்ளூர்க்காரரா, கீழே இருந்து வருகிறவரா

இந்தத் தேர்வுதான் உண்மையில் கடினம். கோத்தகிரி அளவு ஊரில் இன்ஜினீயரும் கான்ட்ராக்டரும் ஒரே டீக்கடை. இன்றைக்கு உங்களுக்காகக் குறை எழுதினவருக்கு நாளைக்கு அதே கான்ட்ராக்டர் மூலம் பிளான் வேலை வர வேண்டியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வருகிறவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவருக்கு வேறு சிக்கல்கள். ஒரு மழையில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ மலைப்பாதை அடைபடும். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸும் சேர்ந்துகொண்டது. சரியாகக் கம்பி பார்க்க வேண்டிய நாளில் வர முடியாமல் போனால் மொத்த ஏற்பாடும் வீண். அதை விட, சமவெளி இன்ஜினீயர்கள் கம்பியில் கெட்டியாக இருப்பார்கள், சரிவு மண்ணில் அத்தனை பழக்கம் இருக்காது. தாங்கு சுவரின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

நான் சொல்வது இரண்டையும் பிரிப்பது. மண்ணுக்கும் தாங்கு சுவருக்கும், நெடுஞ்சாலைத் துறையிலோ பொதுப்பணித் துறையிலோ மலைப்பாதைச் சுவர்கள் கட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரை மலையிலேயே தேடுங்கள். அவருக்குக் கான்ட்ராக்டரிடம் இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, எந்தச் சுவர் எந்த வருஷம் ஏன் விழுந்தது என்றும் தெரியும். கம்பிக்கும் ரூஃபுக்கும் கீழே இருந்து ஒருவர், அல்லது உங்கள் ஊரில் இல்லாமல் அடுத்த ஊரில் தொழில் செய்கிறவர். கோத்தகிரி வீட்டுக்கு ஊட்டிக்காரர், கொடைக்கானல் வீட்டுக்கு வத்தலக்குண்டுக்காரர் என்ற மாதிரி. யாராக இருந்தாலும் கான்ட்ராக்டர் சிபாரிசு செய்தவர் வேண்டாம். பணம் உங்கள் கையிலிருந்து நேராகப் போக வேண்டும், ரிப்போர்ட் உங்களுக்கு நேராக வர வேண்டும்.

செலவுக்கு, கட்டுமானத் தொகையில் ஒரு சதவீதத்தை ஒதுக்கி ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை. 40 லட்சம் வேலைக்கு 40,000. வண்டிச் செலவோடு பேசினால் ஆறேழு வருகையை அதற்குள்ளோ கொஞ்சம் மேலேயோ முடிக்கப் பார்க்கலாம். ஆட்கள் சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கான்ட்ராக்டரிடம் மாதக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். அந்தக் குறைப்பு எந்த ஜல்லியில், எந்தக் கம்பியில் திரும்ப எடுக்கப்படுகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பணம்.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாமல் இன்ஜினீயரை மட்டும் கூட்டிப்போனால் பிரயோஜனம் குறைவு. அவர் சொல்வார், மேஸ்திரி கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். வேலை ஆரம்பிக்கும் முன்பே மூன்று வரி எழுதுங்கள். எந்தக் கான்கிரீட்டுக்கும், தாங்கு சுவருக்குப் பின்னால் மண் தள்ளுவதற்கும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். உங்கள் இன்ஜினீயர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே மூட வேண்டும். குறை இருந்து திரும்ப வர நேர்ந்தால் அந்த வருகைச் செலவு கான்ட்ராக்டருடையது. தவணைப் பணத்தையும் இதோடு கட்டிவிடுங்கள்: ரூஃப் போட்டதும் பணம் என்று இல்லாமல், ரூஃப் கம்பி ரிப்போர்ட்டும் க்யூப் முடிவும் வந்ததும் பணம் என்று. நல்ல கான்ட்ராக்டர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. முதல் பேச்சிலேயே "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்று கோபப்படுகிறவரைப் பற்றி அப்போதே தெரிந்துகொண்டது லாபம்.

எழுத்தில் இருப்பது இன்னொன்றுக்கும் உதவும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி கட்டட அமைப்பில் குறை வந்தால் சாவி கொடுத்ததிலிருந்து 5 வருஷம் வரை புரமோட்டர் சரி செய்து தர வேண்டும். இது அந்தச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில் வீடு வாங்குகிறவர்களுக்கு. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவருக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். புகார் கொடுக்க 2 வருஷம் கால வரம்பு. அங்கே போய் நிற்கும்போது தேதி போட்ட ரிப்போர்ட்டும், டேப் வைத்து அளவு தெரிய எடுத்த படமும் பேசும். வாய்ச்சொல் பேசாது.

கொடைக்கானலிலோ குன்னூரிலோ ஒரே ஒரு தடவைக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது கேட்டால், ரூஃப் கம்பியா தாங்கு சுவரா என்று நான் தயங்க மாட்டேன். சரிவில் கட்டுகிறவர் சுவருக்குப் பின்னால் மண் தள்ளும் முன்பு கூப்பிடட்டும். டீ எஸ்டேட் லைன் பக்கம் சமமான பழைய வீட்டு மனையில் கட்டுகிறவர் ரூஃப் கம்பிக்குக் கூப்பிடட்டும். இரண்டு பேரும் கான்ட்ராக்டருக்கு மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தை ஒரு பருவமழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்வது நல்லது. கிழக்குச் சரிவுக்காரர்கள் டிசம்பர் கடைசியில், கூடலூர் பக்கத்தவர்கள் செப்டம்பர் கடைசியில் இன்ஜினீயரைக் கடைசித் தடவையாகக் கூட்டிப்போய், வீப் ஹோலில் தண்ணீர் வந்த தடம் இருக்கிறதா, விரிசல் எங்காவது ஓடியிருக்கிறதா, மேல் பக்க வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அந்தப் பணத்தை விடலாம்.